ஒதுக்கு வீட்டுப் பாட்டுகள்

நவ. 11, செவ்வாய்

காலையில் மூடுபனி. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. பாய், போர்வை, தட்டு, டம்ளர், இந்த நோட்டு, போன், பவர் பேங்க், இயர்போன் (இடது காது மட்டும் வேலை செய்யும்). பத்து மணிக்கு ஒதுக்கு வீட்டுக்கு வந்தாயிற்று.

வீட்டுக்கு விலக்கான பெண்களுக்கு ஐந்து நாள் இங்கேதான். ஊரின் மேற்கு ஓரத்தில் ஒற்றை அறை, தகரக் கூரை, ஒரே ஒரு ஜன்னல். சமையல் கிடையாது, தண்ணீர் சுமக்க வேண்டாம், பூண்டுக் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. வாசல் கல்லில் சாப்பாடு வைத்துவிட்டுப் போவார்கள். ஆறாம் நாள் தலைமுழுகிவிட்டு வீடு.

வரும்போது தெரு முழுக்கப் பார்த்தது. ஒருத்தி பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேற்கே நடந்தால் வாயைத் திறக்கவே வேண்டாம், ஊருக்கே செய்தி போய்விடும். போன மாதம் நான் வரவில்லை. அதையும் ஊர் குறித்து வைத்திருந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷம். கடைசியாக வந்து ஐம்பத்து மூன்று நாள். என் மாமியார், அத்தை, பத்து நாளாக என் சோற்றில் மட்டும் கூடுதலாக நெய் ஊற்றிக்கொண்டிருந்தார். கண் பட்டுவிடும் என்று வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. இன்று நான் பாயை எடுத்ததும் நெய்க் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். கோபம் இல்லை. கை தானாகப் போயிற்று.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். நான் விலக்காகவில்லை. வயிற்றில் தங்கியிருக்கிறது. ஒரு வாரமாகத் தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டுகிறது, மார்பு வலிக்கிறது. எனக்குத் தெரியும். பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

காரணம் இந்த ஜன்னல். எங்கள் ஊரில் டவர் கிடையாது. ரோட்டில் மூன்று கிலோமீட்டர் நடந்து வளைவுக்குப் போனால் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் காரணமில்லாமல் அங்கே போக நான் ஆம்பளை இல்லை. இந்த ஜன்னல் மட்டும் கேரளத்தைப் பார்த்து இருக்கிறது. போனைக் கம்பிக்கு நடுவில் செருகினால் அந்தப் பக்கத்து டவர் மூன்று கோடு. மலையாளத்தில் வரவேற்பு மெசேஜ் வரும். அப்புறம் பாட்டு. உலகத்தில் இருக்கிற எல்லாப் பாட்டும்.

பிள்ளை என்று சொல்லிவிட்டால் இந்த அறைக்குள் நான் வர ஒன்றரை வருஷம் ஆகும். பால் கொடுக்கிற காலத்தையும் சேர்த்தால் இரண்டு. கடைசியாக ஒரு ஐந்து நாள். அப்புறம் சொல்லிவிடுவேன். யாருக்கு என்ன நஷ்டம்?

இன்று கேட்டவை (எல்லாம் புதுசு):

துருக்கி. ஒரு பெண், செம கோபம், பின்னால் கைதட்டு. பிடித்தது.

கொரியா. எட்டுப் பெண்கள். நடுவில் வேறு பாட்டாக மாறிப்போய், சமாளித்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். ரொம்பப் பிடித்தது.

நைஜீரியா என்று நினைக்கிறேன். அவசரமே இல்லாத தாளம்.

சென்னைப் பையன், ராப். முழுக்கத் தன்னைப் பற்றியே. தூக்கிப் போடு.

பின்லாந்து. அவ்வளவு குளிரில் இப்படிக் குதிப்பார்களா? பாதி.

மறந்தது: வரும்போது தண்டபாணி (வீட்டுக்காரர்) முக்கில் பிக்கப்பில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். பாயைப் பார்த்தார். ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். சந்தைக்குக் கிளம்பியிருப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நவ. 12, புதன்

வெயில், கொஞ்சம். ராசாத்தி அக்கா பாயோடு வந்தாள். எங்களுக்கு நான்கு வீடு தள்ளி. நாற்பத்தாறு வயது, வீட்டில் புருஷனும் மூன்று தடியன்களும். வந்ததும் படுத்தாள். சாப்பாடு வந்தபோதுதான் எழுந்தாள்.

"என்னடி அது, காதுல மாட்டிக்கிட்டுச் சிரிக்கிற?"

இயர்போனைக் கழற்றி, போனை டம்ளருக்குள் வைத்தேன். சத்தம் கூடும். பிரேசில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன பாச?"

"போர்ச்சுகீஸ் அக்கா."

"என்ன சொல்றா?"

"தெரியாது."

"தெரியாமயா கேக்குற?"

"தெரியாததுனாலதான் கேக்குறேன்."

"கிறுக்கி," என்றாள். ஆனால் போர்வைக்கு வெளியே கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்து ஒரு ஜப்பான் பாட்டு போட்டேன், மெல்லிய குரல். "இவ தூக்கத்துல பாடுறாளா? எழுப்பி விடு." அடுத்தது சிங்களப் பைலா, துள்ளல் பாட்டு. "இது ஆளு! இதப் போடு." ஒரு பாட்டை இரண்டாம் தடவை போட மாட்டேன் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டாள். சொன்னேன். நான் கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானல் பெண். பத்தாவது முடித்ததும் கெஸ்ட் ஹவுஸ் வேலை. பெட்ஷீட் மாற்ற, பாத்ரூம் கழுவ. ஒவ்வொரு ரூமிலும் ஒவ்வொரு நாட்டுக்காரர்கள், ஒவ்வொரு ஸ்பீக்கர். மூன்றாம் நம்பர் கதவுக்குப் பின்னால் ஒன்று, ஐந்தாம் நம்பரில் வேறொன்று. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பேன். வெட்கத்தை விட்டு, "மேடம், விச் சாங்?" என்று கேட்பேன். என் போனை வாங்கி அவர்களே தேடிக் கொடுப்பார்கள். ஒரே வருஷத்தில் நாற்பது நாட்டுப் பாட்டு தெரிந்துவிட்டது. அப்புறம் கல்யாணம், இந்த ஊர், பூண்டு.

பாட்டு என்றால் பாட்டு முழுக்கக்கூட இல்லை. முதல் பத்து விநாடி. என்ன வரப்போகிறது என்று தெரியாத அந்தப் பத்து விநாடி. இங்கே எல்லாமே எனக்கு முன்னாடியே தெரியும். ராத்திரி என்ன குழம்பு, அத்தை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பார், பனி எத்தனை மணிக்கு இறங்கும், எல்லாம். இதையெல்லாம் அக்காவிடம் சொல்லவில்லை. இங்கே எழுதத்தான் வருகிறது.

இன்று: பிரேசில், ஜப்பான், பைலா, கிரீஸ், தாய்லாந்து (தவில் மாதிரி ஏதோ ஒன்று, அபாரம்), அரபி (பாதியில் நிறுத்தினேன், அக்கா குறட்டை). ஆறு.

நவ. 13, வியாழன்

விடியலிலிருந்து மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. டவர் போய்விட்டது. ஒரு கோடுகூட இல்லை. போனைக் கம்பிக்கு வெளியே நீட்டி நீட்டி முழங்கை நனைந்ததுதான் மிச்சம்.

பாட்டு இல்லை என்றால் இது ஒரு அறை. பத்தடிக்கு எட்டடி. எத்தனை தடவை நடப்பது? வெளியே போகக் கூடாது, உள்ளே செய்ய ஒன்றுமில்லை. ஆசைப்பட்டு நானே வந்து பூட்டிக்கொண்டேன். கிறுக்கி என்று அக்கா சொன்னது சரிதான்.

பத்து மணிக்கு இட்லி வந்தது, கூடவே வெங்காயச் சட்னி. மூடியைத் திறந்ததும் ஓடிப்போய் வாசலுக்கு வெளியே வாந்தி. திரும்பி வந்தால் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எத்தன நாளு?"

டம்ளரை எடுத்து வாயைக் கொப்பளித்தேன்.

"ரெண்டு நாளா பாக்குறேன், ஒரு துணி அலசல நீயி. பேடும் இல்ல. எனக்குக் கண்ணு இல்லயா?"

அழுதுவிட்டேன். சொன்னேன், ஜன்னல், டவர், ஐந்து நாள், எல்லாம். திட்டுவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"எனக்கு நின்னு ஒரு வருசமாச்சுடி."

"பின்ன ஏன் மாசாமாசம் வர்றீங்க?"

"வீட்டுல நாலு ஆம்பள. வெள்ளனே எந்திரிச்சா ராத்திரி வர சோலி. மாசத்துல அஞ்சு நாளு மல்லாந்து கெடக்க இந்த ஊர்ல வேற எடம் இருக்கா? சொல்லு."

சிரித்தோம். விலக்காகாத இரண்டு பேர் விலக்கு வீட்டில்.

மதியம் மழை கொஞ்சம் விட்டபோது தண்டபாணி வந்தார். சாப்பாட்டு வாளியைக் கல்லில் வைத்துவிட்டு நான்கடி தள்ளி நின்றார். வழக்கமாக அத்தைதான் வருவார். தலையில் உரச் சாக்கு, கீழே சேறு.

"பாட்டு வருதா?" என்றார்.

"மழையில டவர் இல்லங்க."

"ம்." சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டார். "விடு, புள்ள. அடுத்த மாசம் பாப்போம்."

பாட்டைச் சொல்கிறார் என்று ஒரு விநாடி நினைத்தேன். இல்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். மழைத்தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன்.

கேட்டவை: பூஜ்யம்.

நவ. 14, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஏழு மணி, தூறல். அத்தை வந்தார். கையில் பித்தளைச் செம்பு. எள், கருஞ்சீரகம், கருப்பட்டி, இன்னும் ஏதேதோ போட்டுக் காய்ச்சிய கசாயம். ஐம்பது நாள் கழித்து வந்திருக்கிறதே, தங்கிய ரத்தமெல்லாம் வெளியே போனால்தான் அடுத்த மாசமாவது பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாள் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டுமாம்.

"குடி ஆத்தா. நான் நிக்கேன். முகத்தச் சுளிக்காம ஒரே மடக்கு."

செம்பைக் கல்லில் வைத்துவிட்டு விலகி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அக்கா பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "குடிச்சிராத. கலைஞ்சிரும்," என்றாள் மூச்சுக் குரலில்.

செம்பை எடுத்தேன். வாய்வரைக்கும் கொண்டுபோனேன். அந்த வாசனையே போதும், அங்கேயே குமட்டல். அத்தை, "என்ன, என்ன?" என்று பதறினார்.

அப்போது முழு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாதியைச் சொன்னேன். "அத்தை, செவ்வாக்கெழம லேசாத்தான் பட்டுச்சு. அப்புறம் சரியா இல்ல. ரெண்டு நாளா வாந்தியா வருது. எனக்கு வேற மாதிரி தோணுது."

அத்தையின் கண் என்னிடமிருந்து அக்காவிடம் போயிற்று.

"ஆமா அயித்த," என்று அக்கா உடனே சேர்ந்துகொண்டாள். "நானும் பாத்தேன். சும்மா கறை மாதிரிதான். உண்டாயிருக்கா போல. சில பேருக்கு அப்பிடித்தான் படும்."

அத்தை செம்பைத் தட்டிவிட்டார். ஒதுக்கு வீட்டில் இருக்கிறவளைத் தொடக் கூடாது என்பதையும் மறந்து வாசல்படி ஏறி வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "முருகா, கசாயத்தக் குடுக்க இருந்தேனே, பாவி. முருகா!" உட்கார்ந்து அழுதார். கூடவே நானும். நான் அழுதது எதற்கு என்று யோசிக்கக்கூட நேரம் தரவில்லை. வெந்நீர், புதுச் சேலை, திருநீறு. பத்து மணிக்குள் வீட்டில் இருந்தேன். நெய்க் கிண்ணம் திரும்ப வந்தது.

தண்டபாணிக்கு ஆள் போயிற்று. காட்டிலிருந்து ஓடியே வந்திருக்கிறார். வாசலில் நின்று மூச்சு வாங்கினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சந்தோஷமாக இருந்தது. பொய்யில்லை, நிஜமாகவே.

நவ. 15, சனி

கொடைக்கானல். பிக்கப்பில் முன் சீட்டில் மூன்று பேர். நான் நடுவில். "மெள்ளப் போ, மெள்ளப் போ" என்று அத்தை வழி நெடுக. ஜீப்பெல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயிற்று.

பூம்பாறை தாண்டியதும் டவர் வந்தது. மப்ளருக்குள் இடது காதில் இயர்போன். அதில் நான்காவதோ ஐந்தாவதோ ஒரு பாட்டு. மொழி தெரியவில்லை, தேடிப் பார்ப்பதற்குள் வளைவில் டவர் போய்விட்டது, பாட்டு மட்டும் போனில் இறங்கியிருந்தது. ஒரு பெண் சின்னக் குரலில் எண்ணுகிறாள், ஒன்று இரண்டு மூன்று மாதிரி. பக்கத்தில் ஒரு மேளம் மட்டும். திடீரென்று எல்லாம் நின்றுவிடுகிறது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்று விநாடி. அப்புறம் ஐம்பது பேர் சேர்ந்து பாடுகிறார்கள். உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"பாரு, சிரிக்கிறா," என்றார் அத்தை. "புள்ள வந்த முகம்."

அத்தையின் தோளில் சாய்ந்துகொண்டு அந்த ஐம்பது பேரையும் கேட்டேன். இரண்டு சந்தோஷமும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று அப்போது தோன்றியது. ஒன்றைப் பிடிக்க இன்னொன்றை ஒளிக்க வேண்டியதில்லை என்று.

ஆஸ்பத்திரி. ஸ்கேன். எட்டு வாரம், துடிப்பு இருக்கிறது. டாக்டரம்மா, "ப்ளீடிங் எத்தனை நாள்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "செவ்வா, புதன், வியாழன், மூணு நாளு பட்டுச்சுங்க டாக்டரம்மா. ஒதுக்கி வச்சிருந்தோம்." கறை என்று நாங்கள் சொன்னது மூன்று நாளாக நீண்டுவிட்டது. டாக்டரம்மா முகம் மாறியது. ஏன் உடனே வரவில்லை என்று தண்டபாணியைத் திட்டினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

இரண்டு வாரம் முழு பெட் ரெஸ்ட். எழுந்திருக்கவே கூடாது, பாத்ரூமுக்கு மட்டும். வேளைக்கு ஒரு மாத்திரை. அப்புறம் ஸ்கேன்.

திரும்பும்போது சீட்டைச் சாய்த்து, போர்வையில் சுற்றி, குழந்தையைக் கொண்டுபோவது மாதிரி கொண்டுவந்தார்கள்.

நவ. 17, திங்கள்

படுக்கை.

மேலே பரணில் விதைப்பூண்டு. அது கெடாமல் இருக்க அடுப்புப் புகை எந்நேரமும் மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். என் கட்டில் பரணுக்குக் கீழே, அங்கேதான் சூடு. கண் எரிகிறது. சுவர் ஒன்றரை அடி மண். டவர் என்ற பேச்சே இல்லை.

மேலே தெரிவது: பூண்டுக் கொத்து, எண்பத்து மூன்று. இரண்டு தடவை எண்ணினேன்.

போனில் சேமித்த புதுசு எல்லாம் தீர்ந்தது. பழைய பாட்டைத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். எங்கே மேளம் நிற்கும், எங்கே ஐம்பது பேர் வருவார்கள், எல்லாம் தெரிகிறது. நல்ல பாட்டுதான். ஆனால் அந்தச் சிலிர்ப்பு வரவில்லை.

அத்தை சோலி எல்லாம் தானே பார்க்கிறார். நடவு நேரம், ஆள் பற்றாது. என்னால் எழுந்து பத்துக் கூடை பூண்டுப் பல் பிரிக்க முடியும். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

தண்டபாணி சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வண்டிக்கு வேறு டிரைவர். காலையில் எழுந்ததும் கட்டிலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அத்தைக்குக் கேட்காமல் கேட்கிறார்: "பட்டுச்சா?"

"இல்லங்க."

மூச்சு விடுகிறார். மதியம் ஒரு தடவை. சாயங்காலம் ஒரு தடவை.

நவ. 18, செவ்வாய்

சாரல். ராசாத்தி அக்கா பார்க்க வந்தாள், மடியில் பச்சைப் பட்டாணி. அத்தை பாலெடுக்கப் போன நேரம் குனிந்து, "எந்திரிச்சு நடக்க வேண்டியதுதான, ஏன் இப்பிடிக் கெடக்குற?" என்றாள்.

"நடந்தா கேப்பாங்க. கேட்டா சொல்லணும்."

அவள் முகம் செத்துப்போயிற்று. நான் பொய் என்றால் சாட்சி சொன்ன அவளும் பொய். அவளைத் தோண்டுவார்கள். எந்த மாசம், எத்தனை நாள் என்று ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து எண்ணிவிடுவார்கள். அப்புறம் அவளுக்கு அந்த ஐந்து நாள் ஆயுளுக்கும் கிடையாது.

"என்னைய மட்டும் காட்டிக் குடுத்துராத, சுகந்தி."

இல்லை என்று தலையாட்டினேன். பட்டாணியை உரித்துக்கொண்டே அந்த பைலாவை முணுமுணுத்தாள், ராகம் முழுக்கத் தப்பு.

ஆக, கதவு இரண்டு பக்கமும் பூட்டு. ஒதுக்கு வீட்டிலாவது ஒரு ஜன்னல் இருந்தது.

நவ. 19, புதன்

சொல்லிவிட்டேன். அவரிடம் மட்டும்.

அத்தை நடவுக்குப் போயிருந்தார். வெளியே பனி கலைந்து பளீரென்று வெயில். தண்டபாணி கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து விதைக்குப் பல் பிரித்துக்கொண்டிருந்தார். என் சேலை ஓரத்தில் ஒரு சிவப்பு, தக்காளிச் சாறு, காலையில் சிந்தியது. அதைப் பார்த்துவிட்டார். கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "தக்காளிங்க, தக்காளி," என்று கத்தினேன். அந்தத் துணியை முகர்ந்து பார்த்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"எனக்குப் படவே இல்லங்க. மொதல்லயிருந்தே படல. தெரிஞ்சுதான் பாயை எடுத்துட்டுப் போனேன்."

ரொம்ப நேரம் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"எதுக்கு?"

"அங்கதான் டவர் வரும்."

"பாட்டுக்காகவா?"

"ஆமா."

ஒரு பூண்டை எடுத்தார். பல் பிரிக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"அன்னிக்கி ஒன்னயப் பாயோட பாத்துட்டுத்தான் வண்டி எடுத்தேன். மூணாவது வளைவுல ரோடு தெரியல. ஓரங்கட்டிட்டு அழுதேன். கூட வந்தவன் இறங்கித் தள்ளிப் போயி நின்னுக்கிட்டான். அஞ்சு வருசத்துல அப்பிடி நான் அழுததில்ல, புள்ள."

மன்னிச்சிருங்க என்றேன். காதில் விழுந்ததா, தெரியாது.

"அப்பிடி என்னதான் இருக்கு அதுல?"

எப்படிச் சொல்வது? யோசித்து யோசித்து, "இங்க எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுங்க. அது மட்டும்தான் என்ன வரும்னு தெரியாது. புதுசு," என்றேன்.

"புள்ள வந்துச்சே. அது புதுசு இல்லயா?"

எழுதும்போதும் அதையே யோசிக்கிறேன்.

மாத்திரை விஷயத்தைச் சொன்னேன், வேண்டாத மாத்திரை, டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று. அத்தைக்குத் தெரிந்தால் ராசாத்தி அக்கா மாட்டிக்கொள்வாள் என்றும் சொன்னேன், ஏன் என்று சொல்லாமல். அவர் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் வாசலில் உட்கார்ந்து மிச்சத்தைப் பிரித்தார்.

சாயங்காலம் "பட்டுச்சா" இல்லை.

நவ. 20, வியாழன்

மறுபடி பனி. காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனார். திரும்பி வந்து அத்தையிடம்: "டாக்டரம்மாகிட்டப் பேசிட்டேன். மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாங்க. பயப்பட ஒண்ணுமில்லயாம்."

"அப்ப எந்திரிக்கலாமா?"

கேட்டது அத்தை. நான் கட்டிலில் பாதி எழுந்துவிட்டேன்.

"ஸ்கேன் வர படுத்தே கெடக்கட்டும்."

என்னைப் பார்க்காமலே சொன்னார். டாக்டரம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். இவராகச் சேர்த்தது. ராசாத்தி அக்காவைக் காப்பாற்றவா, எனக்குத் தண்டனையா? இரண்டுமா? அவரிடம் கேட்கும் உரிமையை நான்தான் தொலைத்துவிட்டேன்.

என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சோற்றைக் கட்டிலில் வைக்கிறார், தட்டை எடுக்கிறார். வெந்நீர் சூடு சரியா என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தருகிறார்.

பூண்டுக் கொத்து எழுபத்தொன்று. நடவுக்கு இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

வாந்தி இரண்டு தடவை. பாட்டு இல்லை.

நவ. 21, வெள்ளி

விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. விழித்தபோது தலையணைக்குக் கீழே போன் இல்லை. அத்தையிடம் கேட்டேன். "அவன்தான் எடுத்துட்டுப் போனான். சந்தைக்கு லோடு, இன்னிக்கு அவனே ஓட்டுறானாம். போனு சூடு புள்ளைக்கு ஆகாதுல்ல, விடு."

ஆக, அதையும் எடுத்தாயிற்று. கோபம்கூட வரவில்லை. நான் செய்ததற்கு இது சரியான கூலிதான் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். பிள்ளை பிறக்கிற ஜூன் வரைக்கும் இந்தச் சுவர். என் தலைக்கு நேரே ஒரு விரிசல், பல்லி ஒன்று உள்ளே போகிறது, வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டே மதியம். அதைப் பார்த்துக்கொண்டே நான்கு மணி. அழுதேன், அத்தை கால் அமுக்கிவிட்டார். வலியால் என்று நினைத்துவிட்டார், பாவம்.

ஐந்தரைக்கு வண்டிச் சத்தம். உள்ளே வந்தார், தலையெல்லாம் நனைந்து. மடியிலிருந்து பாலிதீன் பையை எடுத்துப் பிரித்து, போனைத் துண்டில் துடைத்து என் போர்வை மேல் வைத்தார். கூடவே ஒரு புது இயர்போன், இரண்டு காதும் வேலை செய்கிற மாதிரி.

திறந்து பார்த்தேன். புதுசாக ஒன்பது பாட்டு. ஒன்றுகூட நான் தேடியிருக்கக்கூடியது இல்லை. மூன்று மொழியை எழுத்தை வைத்துக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்று சாக்கை உதறினார். இரண்டு நாளைக்கப்புறம் முதல் பேச்சு:

"நாலாவது நல்லாருக்கு."